ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்

காரைக்காலில் உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்களிடம் அதிகம் பேசியவர் யார் என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு ஆட்சேபணை அண்ணனுக்குத்தான். இரண்டாம் பரிசை வாங்க ஆள் கிடைக்காது. மூன்றாம் பரிசை வேண்டுமானால் எனக்குக் கொடுக்கலாம், அவரோடு ஒரே வீட்டில் குடியிருந்த பாவத்துக்கு.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. ஆபீஸ் வாசலில் இருந்த டீக்கடைக்காரர்கூட, "ஆட்சேபணைக்கு ஒரு டீ, சக்கர கம்மி" என்றுதான் உள்ளே குரல் கொடுப்பார். அண்ணனும் கோபித்துக்கொள்ளாமல் கிளாஸை வாங்கிக்கொள்வார்.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயப்படாதீர்கள், இரண்டே நிமிடம். நாங்கள் இருவரும் சி.ஏ. படித்துக்கொண்டிருந்தோம். இந்தப் படிப்பில் பரீட்சை மட்டும் எழுதினால் போதாது, ஒரு ஆடிட்டரிடம் சில வருடம் சேர்ந்து வேலை பழக வேண்டும். அதற்குத் தரும் தொகை பஸ்ஸுக்கும் டீக்கும் போக, செருப்பு அறுந்தால் தைக்கிற அளவுக்கு மிஞ்சும். புதுச் செருப்பு வாங்குகிற அளவுக்கு மிஞ்சாது.

கம்பெனிக் கணக்கைச் சரிபார்க்கும்போது அவர்களோடு வியாபாரம் செய்கிறவர்களுக்கு நாங்கள் கடிதம் போடுவோம். 'கணக்கு இப்படி இருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதிக்குள் எழுதுங்கள். பதில் வராவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வோம்.' இதுதான் முறை. வாயை மூடிக்கொண்டிருப்பவனை இவ்வளவு நம்புகிற தொழில் உலகத்தில் வேறு கிடையாது. நாங்கள் எல்லாரும் இதைப் பரீட்சைக்காகப் படித்து, எழுதி, மறந்துவிடுவோம். அண்ணன் மட்டும் இதை வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்.

நாங்கள் குடியிருந்த வீடும் அதற்கு ஒத்துழைத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு குடும்பத்தின் மாடி வீடு. பிள்ளைகள் எல்லாம் பாரிஸ் பக்கம் போய்விட்டார்கள். தனியாக இருந்த அந்த வீட்டு மதாம், அதாவது வீட்டுக்கார அம்மா, கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒருநாள் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு வாடகைக்கு வந்தவர்கள் யாரும் மாதம் முடியும் வரை தங்கவில்லை. கடைசியில், வாடகையே வேண்டாம், தினம் விளக்குப் போட்டுக் கூட்டிப் பெருக்கினால் போதும் என்று பாரிஸிலிருந்து சொல்லிவிட்டார்கள். வரிச்சிக்குடியில் எங்கள் வீடு ஒரே அறை. அப்பாவுக்கு வயல் கூலி வேலை. விரித்த பாயை மடக்கினால்தான் நான் புத்தகத்தை விரிக்க முடியும். வாடகை இல்லாத வீடு என்று கேள்விப்பட்டதும் பேயாவது பிசாசாவது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்கு ஒரு மாதம் முன்பே அண்ணன் அங்கே வந்து சேர்ந்திருந்தார்.

வீட்டுச் சாவி ஒரு பாயிடம் இருந்தது. எதிர்ச்சாரியில் பெட்டிக்கடை வைத்திருந்தார். சாவியை வாசல் கேட்டிலேயே கொடுப்பார், கேட்டிலேயே வாங்குவார். உள்ளே ஒரு எட்டு வைக்க மாட்டார்.

"ஏன் பாய், உள்ள வந்து ஃபேன் ஏன் ஓடலன்னு பாருங்களேன்" என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

"நான் எதுக்கு தம்பி. மதாம் மவுத்தாப் போன வீடு. அவங்க இருக்கறப்பவே என்னைய உள்ள கூப்புட்டதில்ல. இப்ப போனா தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா" என்றார். பயத்தை அவ்வளவு மரியாதையாகச் சொன்ன மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

முதல் நாள் காலை. அண்ணன் உப்புமா கிண்டி இறக்கினார். தட்டில் போட்டார். நான் கையை வைக்கப் போனேன். பிடித்துக்கொண்டார். காலியாக இருந்த பிரம்பு நாற்காலியைப் பார்த்து, "மதாம், இன்னைக்கு உப்புமா. ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். வீடு முழுக்க ஒரு சத்தம் இல்லை. "சரி, சாப்புடு" என்றார். நான் சாப்பிட்ட உப்புமாக்களில் தொண்டையில் இறங்க மறுத்த உப்புமா அது ஒன்றுதான். கிண்டியதில் குறை இல்லை.

குளிக்கப் போகும்போதும் கேட்பார். கொடியில் துணி காயப் போடும்போதும் கேட்பார். எனக்கு வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த நாற்காலி உண்மையாகவே காதில் வாங்கிக்கொள்வது போல இருக்கும். உட்கார ஆளில்லாத நாற்காலியில் பிரம்பு உட்குழிந்து கிடந்தது. தினம் துடைப்போம். அந்தக் குழி மட்டும் நிமிரவே இல்லை. சாயங்காலம் ஆனால் கூடத்தில் காப்பிக்கொட்டை வறுக்கிற மணம் வரும். எங்களிடம் காப்பித் தூள் வாங்கக் காசு கிடையாது. பக்கத்து வீடோ பூட்டிக் கிடந்தது. யார் வறுத்தார்கள் என்று எனக்கு இன்று வரை தெரியாது. அண்ணன் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மணி நாலு ஆயிடுச்சு போல" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்வார்.

மாடியில் ஒரு அறை பூட்டியிருந்தது. காற்றோட்டமான அறை, சாவியும் கொத்திலேயே இருந்தது. பரீட்சைக்குப் படிக்க வசதியாக இருக்குமே என்று நான்தான் நச்சரித்தேன். அண்ணன் கதவுக்கு முன்னால் நின்று முறைப்படி கேட்டார். "மதாம், இந்த ரூமத் தொறந்து படிச்சுக்குறோம். ஆட்சேபணை இருந்தா..." என்று அவர் முடிப்பதற்குள் கீழே கூடத்தில் ஒரு ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சித்திரை மாத மதியம். வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. நான் படியில் இறங்கவில்லை, உருண்டேன் என்பதுதான் சரி. அண்ணன் நிதானமாகச் சாவியை உருவிக்கொண்டு வந்து, "மறுப்பு வந்துடுச்சு. இனிமே அதப் பத்திப் பேசக் கூடாது" என்றார். நாங்கள் அங்கே இருந்த கடைசி நாள் வரை அந்த அறை திறக்கப்படவில்லை.

அந்த ஜன்னல் எங்கள் தொழிலிலும் தலையிட்டது. திருநள்ளாறில் ஒரு லாட்ஜுக்குப் போய்ப் பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் எண்ணி வர எங்களை ஆடிட்டர் அனுப்பியிருந்தார். சனிக்கிழமை காலை, கிளம்புகிற நேரம். அண்ணன் வழக்கம் போல நாற்காலியிடம் சொல்லிக்கொண்டார். ஜன்னல் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். பஸ் கவிழப் போகிறது என்று நான் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை, பஸ் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கவிழ்ந்தது எங்கள் நிலைமைதான். திங்கட்கிழமை ஆடிட்டர் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா போகல?"

"மதாம் ஆட்சேபிச்சிட்டாங்க சார்" என்றார் அண்ணன்.

"எந்த மதாம்?"

"வீட்டுக்கார மதாம் சார்."

"அவங்க யாரு நம்ம ஆபீஸ் வேலைல தலையிட? போனப் போட்டுக் குடு, நான் பேசுறேன்."

"அவங்க காலமாயிட்டாங்க சார். ஒரு மூணு வருஷம் இருக்கும்."

ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். அவரிடமிருந்து ஆட்சேபணை எதுவும் வராததால் நாங்கள் எங்கள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டோம்.

இன்னொரு தடவை ஒரு ரைஸ் மில் கிடங்கு. உள்ளே ஒரே இருட்டு, உச்சி வரை மூட்டை. எண்ணி முடித்ததும் அண்ணன் மூட்டைகளைப் பார்த்து, "எல்லாம் சரியா இருக்குன்னு எழுதிக்கிறேன். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, "இருக்கு" என்று ஒரு கட்டைக் குரல் வந்தது. அண்ணன் கையில் இருந்த பேனா கீழே விழுந்தது. அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். பார்த்தால், வாட்ச்மேன் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் படுத்திருந்த ஒரு வரிசையை நாங்கள் எண்ணாமல் விட்டிருந்தோம். செத்தவர்கள் பேசினால் சகஜமாக எடுத்துக்கொள்கிறவருக்கு, உயிரோடு இருக்கிற ஒருவர் பதில் சொன்னது தாங்கவில்லை.

இந்த மனிதர் ஏன் இப்படி ஆனார் என்று நான் கேட்டதில்லை. ஒருநாள் அவருடைய அம்மா வந்ததில் தெரிந்துகொண்டேன்.

அண்ணனுக்குச் சொந்த ஊர் கருக்களாச்சேரி. மதாம் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் அவர் ஊர்ப் பக்கமே போக மாட்டார். அங்கே எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கடல் சத்தம் கேட்கிறது, படிப்பு ஏறவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தார். அவருடைய அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவர். அன்று மீன் விற்ற கையோடு காலிக் கூடையைத் தூக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தார். கேட்டில் நிற்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு, "யப்பா, என்னா வெயிலு" என்று மதாமின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அது வாயைத் திறக்கவில்லை.

"பரீட்சைக்குப் பணம் கட்ட என்னைக்குடா கடைசி?" என்று மகனைக் கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கெழம."

"கையில இருக்கா?"

அண்ணன் பதில் சொல்லவில்லை. அதை இல்லை என்று அம்மா எடுத்துக்கொண்டார்.

"அப்ப நான் சொல்றதக் கேளு. பஞ்சாயத்துல இன்னைக்கும் கேட்டாங்க. காரியத்தப் பண்ணிப்புட்டா உதவிப் பணத்தக் கையில குடுத்துடுறேங்குறாங்க. ரெண்டு வருஷமா அவங்களும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. புள்ள நீ செஞ்சாத்தான் உண்டு."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அண்ணனுடைய அப்பா மீன்பிடித் தொழிலுக்குப் போன இடத்தில் படகு கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் கரை சேர்ந்தார்கள். அவர் மட்டும் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அந்த ஊர் வழக்கப்படி, மகன் காரியம் செய்தால்தான் போனவர் போனவராவார். அதன் பிறகுதான் ஊர்ப் பணம் வீட்டுக்கு வரும். அம்மா நெற்றியில் இன்னும் பொட்டு இருந்தது. பணம் வராவிட்டால், அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஐஸ் ஃபேக்டரிக்குக் கணக்கு எழுதப் போவதாகப் பேச்சு. போனவர் திரும்பி வர மாட்டார் என்று எனக்கும் தெரிந்தது.

"அப்பா செத்துட்டாருன்னு யாரும்மா பாத்தா?" என்றார் அண்ணன்.

"ஒருத்தரும் பாக்கல."

"அப்பறம் எப்புடி நான் செய்யுறது?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, ரெண்டு வருஷமா ஒரு பதிலும் இல்லையே. நம்ம முறப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, லெட்டர் போய்ச் சேந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் அந்த முற. போடாத லெட்டருக்கு எங்கேருந்து பதில் வரும்? நான் அப்பாகிட்ட இன்னும் கேக்கவே இல்ல" என்றார்.

முன்பின் தெரியாத மதாமிடம் உப்புமாவுக்கு அனுமதி கேட்ட மனிதர், சொந்த அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓடி ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார். கேட்டுவிட்டுப் பதில் வராமல் போனால், அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும்.

அம்மா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "அப்ப வந்து கேளு. எட்டி நடந்தா கடலு" என்றார்.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் நானும் கூடப் போனேன். படகுகளை இழுத்து நிறுத்தியிருந்த இடத்தில் பஞ்சாயத்துக்காரர்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று ஒரு சிறு கூட்டம். அண்ணன் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் போய் நின்றார். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரைந்துகொண்டிருந்தன. நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வாய் திறக்கவில்லை.

அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டித் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் வரை போய் நின்றார். சந்தையில் இரைந்து விலை சொல்லும் குரல் அது. அன்றைக்கு, வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் பேசுவது போலத் தாழ்ந்திருந்தது.

"ஏங்க. புள்ளைக்குப் பரீட்ச. அவன் வாயால கேக்க மாட்டேங்குறான், நான் கேக்குறேன். நான் பொட்ட அழிச்சுக்கிறேன். ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க."

கடல் நின்றது.

நான் மிகைப்படுத்திச் சொல்லும் ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். இதில் ஒரு சொல் கூட்டவில்லை. வந்த அலை திரும்பிப் போயிற்று, அடுத்த அலை வரவில்லை. தண்ணீர் மட்டமாகக் கிடந்தது. இரைச்சல் இல்லாமல் போனதும் படகில் கட்டியிருந்த கயிறு முறுகுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண்ணின் வளையல் சத்தம் கேட்டது. வேறு ஊராக இருந்தால் யாராவது ரசித்திருப்பார்கள். அது சுனாமி பார்த்த ஊர். கடல் சும்மா இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே சின்னப் பிள்ளைக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பின்னால் ஒரு பெரியவர் மெதுவாக, "மேல ஏறுங்கப்பா" என்றார்.

அவ்வளவுதான். பஞ்சாயத்து, பெண்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒரு நாய் உட்பட மொத்தக் கூட்டமும் மேட்டுக்கு ஓடியது. வயல்காட்டு வரிச்சிக்குடிக்காரனாகிய நான் கடலோரத்துக்காரர்கள் எல்லாரையும் முந்தினேன். தைத்துத் தைத்துப் போட்ட என் செருப்பில் ஒன்று மணலில் போய்விட்டது. மேட்டில் ஏறி மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தேன். கீழே இரண்டு பேர் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு ஒரு அலை வந்தது. சின்ன அலைதான். அம்மாவின் இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போயிற்று. பின்னாலேயே அடுத்தது வந்தது, மறுபடி பழைய இரைச்சல். அம்மா குனிந்து கை நிறையத் தண்ணீரை அள்ளி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

நான் இறங்கிக் கிட்டே போனபோது அண்ணன் அழுதுகொண்டிருந்தார். அம்மா அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, "கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்னதுக்கு உங்கப்பா ஒரு தடவ மறுத்துப் பேசுனதில்ல. இப்ப மட்டும் பேசிடுவாரா? வாடா, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமைக்குள் காரியம் முடிந்தது. மொட்டைத் தலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்த அன்று அம்மாவும் கூடவே வந்தார். மஞ்சள் பையிலிருந்து பணத்தை எடுத்து மகன் கையில் வைத்தார்.

"ரெண்டு பேருக்கும் சேத்துக் கட்டிடு" என்றார்.

என்னிடமும் பரீட்சைப் பணம் இல்லை. அந்த வருடம் மழை பிந்தி, அப்பாவுக்கு வேலையே கிடைக்கவில்லை. அடுத்த தடவை எழுதிக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அது என்ன பணம் என்று எனக்குத் தெரியும். துடைத்த நெற்றியோடு அவர் எதிரில் நிற்கிறார். வேண்டாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை.

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பதிலக் காணும். சரின்னு எடுத்துக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு மஞ்சள் பையை மடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தப் பரீட்சையில் நாங்கள் இருவரும் ஒற்றுமையாகத் தோற்றோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சி.ஏ. என்றால் அப்படித்தான். அடுத்த தடவை அவர் தேறினார், அதற்கும் அடுத்த தடவை நான். அவர் இப்போது சென்னையில் பெரிய ஆடிட்டர். நான் கணக்குப் பார்த்த நேரம் போக இப்படி எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா மீன் விற்பதை இன்னும் விடவில்லை. காரைக்கால் போனால் என் பங்குக்கு வஞ்சிரம் எடுத்து வைத்திருப்பார்.

எனக்கு உடன்பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள். கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், மூத்தவர் ஒரு அண்ணன் இருக்கிறார் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.